வராத குரலைக் கவனிக்கும் வேலை: பாலைவனப் பயணிகளின் ஹாம் ரேடியோ நெட்

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்கும் வண்டி 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். வழியில் கடையில்லை, பெட்ரோல் இல்லை, கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை. ஆபத்து வந்தால் அழுத்துவதற்குச் செயற்கைக்கோள் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். வண்டி கவிழ்ந்து ஓட்டுநரே மயங்கிக் கிடந்தால் பொத்தானை அழுத்துவது யார்?

ஹாம் ரேடியோ நெட்டின் அருமை அப்போதுதான் தெரியும். தினமும் குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் பயணிகள் கூடி இருப்பைச் சொல்கிறார்கள். நேற்றுப் பேசியவர் இன்று பேசவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அவர்தான் நெட் கன்ட்ரோலர். சம்பளம் கிடையாது, பொறுப்பு உண்டு. வண்டியோடு நெட்டில் சேர நினைப்பவர்களுக்கும், ஒருநாள் கன்ட்ரோலர் நாற்காலியில் உட்கார நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் மூன்று ரேடியோக்களைப் பிரித்தறியுங்கள்

ஆஸ்திரேலிய உள்நாட்டில் ஓடும் வண்டிகளில் மூன்று வகை ரேடியோ இருக்கும். மூன்றுக்கும் வேலை வேறு, சட்டம் வேறு.

யூ.எச்.எஃப் சி.பி: பரீட்சை வேண்டாம், கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டி 80 சேனல்கள், அதிகபட்சம் 5 வாட். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் பேச இதுவே போதும். சேனல் 40 நெடுஞ்சாலை லாரிகளுக்கு. சேனல் 10 ஃபோர்-வீல் டிரைவ் குழுக்களுக்கு. மணல்மேட்டின் மறுபக்கம் எதிரே வண்டி வருகிறதா என்று சிம்ப்சனில் கேட்பதும் இதில்தான். 5-ம் 35-ம் அவசரத்துக்கு மட்டும். அவற்றில் அரட்டை அடித்தால் சட்டப்படி குற்றம். சமவெளியில் சில கிலோமீட்டர் தாண்டினால் குரல் தேய்ந்துவிடும்.

வி.கே.எஸ்-737: பயணிகளுக்கென்றே நடக்கும் எச்.எஃப், அதாவது சிற்றலை வலையமைப்பு. இது ஹாம் அல்ல. சந்தா கட்டி உறுப்பினராகலாம், தேர்வு கிடையாது. நாட்டின் பல மூலைகளில் தளங்கள் உண்டு. தினமும் ‘ஸ்கெட்’ எனப்படும் குறித்த நேர அழைப்பு நடக்கும்.

ஹாம் ரேடியோ: தேர்வு எழுதி, கால்சைன் பெற்று, உலகத்தோடு பேசுவது. பயணிகளுக்கான டிராவலர்ஸ் நெட் 14.116 மெகாஹெர்ட்ஸில், யூ.டி.சி எனப்படும் உலகப் பொது நேரப்படி 02:00 மணிக்கு நாள்தோறும் கூடுகிறது. பெர்த்தில் அப்போது காலை 10. சிட்னியில் கோடைநேர மாற்றம் இல்லாத மாதங்களில் நண்பகல் 12. கிளம்புவதற்கு முன் நேரத்தையும் அலைவரிசையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறித்த நேரத்தில் ரேடியோ முன் உட்காரும் பழக்கம் அந்த மண்ணுக்குப் பழையது. ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய, காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் பெடல் ரேடியோ 1929-ல் ஒதுக்குப்புறப் பண்ணைகளைப் பறக்கும் மருத்துவர் சேவையோடு இணைத்தது. 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளியே தொடங்கிவிட்டார்கள். இன்றைய நெட்டும் அந்த ஒழுங்கின் வழி வந்ததுதான்.

எந்தத் தேர்வு வரை எழுத வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் மூன்று படிகள்: ஃபவுண்டேஷன், ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட். பலர் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். பயணிக்கு அது போதாது. ஃபவுண்டேஷனில் 10 வாட்தான். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேச அனுமதியும் இல்லை. டிராவலர்ஸ் நெட்டைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. ஆகவே ஸ்டாண்டர்டை இலக்காக வையுங்கள். 100 வாட் கிடைக்கும், 14 மெகாஹெர்ட்ஸும் திறக்கும்.

2024 பிப்ரவரியிலிருந்து அங்கே ஹாம்களுக்குத் தனித்தனி உரிமம் இல்லை. எல்லோரும் ஒரே பொது உரிமத்தின் கீழ் வருகிறார்கள். தகுதிச் சான்றும் கால்சைனும் இருந்தால் போதும். ஒழுங்குமுறை அமைப்பு ஏ.சி.எம்.ஏ. படிக்கவும் பழகவும் 1910-ல் தொடங்கிய வயர்லெஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆஸ்திரேலியாவும் அதன் உள்ளூர் கிளப்களும் உதவும்.

மெல்பர்னிலும் சிட்னியிலும் இருக்கும் தமிழர்கள் இந்த வழியில் போகலாம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அங்கே பயணம் போகத் திட்டமிடுபவர்கள், இந்தியாவின் ரெஸ்ட்ரிக்டெட் அல்லது ஜெனரல் கிரேட் தேர்வை முதலில் எழுதுங்கள். பிறகு அந்தத் தகுதியை வைத்து ஆஸ்திரேலியாவில் எதை, எத்தனை நாள் இயக்கலாம் என்று ஏ.சி.எம்.ஏ விதிகளைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

வண்டியில் கவனிக்க வேண்டியவை

மின்சாரம்: 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதை மறந்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ்.

ஆன்டெனா: பணத்தை இதில் போடுங்கள். ரேடியோ எவ்வளவு உசத்தியானாலும் ஆன்டெனா மோசமென்றால் பயனில்லை. வண்டியின் உலோக உடல்தான் ஆன்டெனாவின் மறுபாதி. எனவே அடிப்பிடி பெயின்டின் மேல் உட்காராமல் உலோகத்தைத் தொட வேண்டும். குண்டுங்குழியுமான பாதையில் நாள் முழுக்க அதிரும் என்பதால் ஸ்பிரிங் அடி நல்லது.

இரைச்சல்: பெட்ரோல் பம்ப், எல்.இ.டி விளக்கு, இரண்டாம் பேட்டரியின் சார்ஜர், சோலார் ரெகுலேட்டர் எல்லாம் எச்.எஃப் பட்டையில் சலசலக்கும். வீட்டு வாசலிலேயே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது குற்றவாளி என்று கண்டுபிடியுங்கள். அதன் கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

நெட் நேரத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். காதும் தெளியும், கவனமும் பாதையிலிருந்து விடுபடும்.

அலை போகும் வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எச்.எஃப் அலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரத்தில் இறங்கும். இடையில் உள்ள ஊர்களைத் தாண்டிவிடும். சிம்ப்சன் ஓரத்திலுள்ள பேர்ட்ஸ்வில்லிலிருந்து பேசினால் சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெர்த்துக்குத் தெளிவாகக் கேட்கும். 600 கிலோமீட்டரில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கேட்காமல் போகலாம். புதியவர்கள் ரேடியோ கெட்டுவிட்டது என்று பயப்படுவது இதனால்தான்.

பொதுவான கணக்கு: பகலில் தூரத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸ், சில நூறு கிலோமீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் பக்கத்து ஊர்களுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ். ஒருவருக்கு மற்றவர் கேட்காதபோது, இருவரையும் கேட்கும் மூன்றாமவர் செய்தியைக் கைமாற்றுவார். அதுதான் ‘ரிலே’. நெட்டில் ஆட்கள் பல திசைகளில் பரவியிருப்பதே அதன் பலம்.

செக்-இன்: சுருக்கமாக, ஒரே வரிசையில்

மைக்கை எடுக்கும் முன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கால்சைன், சர்வதேச எழுத்தொலிப்பு முறையில். ‘பி’யா ‘டி’யா என்று யாரும் திணறக் கூடாது.
2. இருக்கும் இடம்: பாதையின் பெயர், அருகிலுள்ள அடையாளம், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை.
3. வண்டிகள் எத்தனை, ஆட்கள் எத்தனை.
4. போகும் திசை, இன்றிரவு தங்கும் இடம்.
5. அடுத்து எப்போது பேசுவீர்கள்.

கடைசி வரிதான் மிக முக்கியம். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ‘நாளை இதே நேரம்’ என்று சொன்னால்தான், நாளை நீங்கள் வராதது ஒரு செய்தியாகும். சொல்லாமல் போனவரை யாரும் தேட முடியாது. இரண்டு நாள் பேச மாட்டீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வீணாகப் பலரை அலைக்கழிப்பீர்கள்.

வானிலை, பாதை நிலவரம், சாப்பாட்டுக் கதையெல்லாம் எல்லோரும் செக்-இன் முடித்த பிறகு.

கன்ட்ரோலர் நாற்காலியில்

நன்றாகப் பேசுபவர்தான் நல்ல கன்ட்ரோலர் என்று நினைக்காதீர்கள். குறைவாகப் பேசி நிறையக் கேட்பவருக்கே இந்த வேலை பொருந்தும். வரிசை இதுதான்:

திறப்பு: அலைவரிசை காலியா என்று கேளுங்கள். உங்கள் கால்சைனையும் நெட்டின் பெயரையும் சொல்லுங்கள்.

அவசரம் முதலில்: ‘அவசரச் செய்தி யாரிடமாவது உண்டா?’ என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பலவீனமான சிக்னல் எழுந்து வர அந்த இடைவெளி வேண்டும்.

நகரும் வண்டிகள் அடுத்து: பேட்டரியில் ஓடுபவர்களை முதலில் கூப்பிடுங்கள். வீட்டிலிருந்து பேசுபவர்கள் காத்திருப்பார்கள்.

பகுதி பகுதியாக: ஆஸ்திரேலியக் கால்சைனில் உள்ள எண் மாநிலத்தைக் காட்டும். வி.கே-4 குயின்ஸ்லாந்து, வி.கே-5 தெற்கு ஆஸ்திரேலியா, வி.கே-6 மேற்கு ஆஸ்திரேலியா, வி.கே-8 வடக்குப் பிரதேசம். எண்ணைச் சொல்லி அழைத்தால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவது குறையும்.

திருப்பிச் சொல்லுங்கள்: கேட்ட இடத்தையும் நேரத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். புரிந்ததுபோல் நடிப்பது இங்கே ஆபத்து.

பதிவேடு: நேரம், கால்சைன், இடம், அடுத்த அழைப்பு. அடுத்த நாள் வேறொருவர் உங்கள் நாற்காலியில் இருப்பார். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

வராதவரை எப்படித் தேடுவது?

நெட் முடியும் முன், நேற்றைய பட்டியலில் இன்று வராத பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் அவருடைய கால்சைனைக் கேட்டவர் யாரேனும் உண்டா என்று விசாரியுங்கள். வேறு அலைவரிசையில் பேசியிருக்கலாம், யூ.எச்.எஃப்பில் எதிர்வண்டிக்காரர் கண்டிருக்கலாம். இருப்பிடத்தை ரேடியோவில் தானாக அனுப்பும் ஏ.பி.ஆர்.எஸ் கருவி வைத்திருப்பவர் என்றால் அவருடைய கடைசிப் புள்ளியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் அது 145.175 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது.

அதற்கும் தகவல் இல்லையென்றால் அவர் கொடுத்திருக்கும் வீட்டுத் தொடர்புக்குச் சொல்லுங்கள். பயணத் திட்டப்படி அவர் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரமும் கடந்திருந்தால் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். நிலத்தில் தேடுதலை நடத்துவது மாநிலக் காவல்துறையின் வேலை. கன்ட்ரோலரின் வேலை, கடைசியாகக் கேட்ட இடத்தையும் நேரத்தையும் துல்லியமாக ஒப்படைப்பது. பாலைவனத்தில் தேடும் பரப்பைச் சுருக்குவது அந்த ஒரு வரிதான்.

அதேபோல், நெட் இருக்கிறதே என்று ஆபத்தில் அழுத்தும் செயற்கைக்கோள் கருவியான 406 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.பியை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். அதன் அழைப்பு நேராக ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவுக்குப் போகும். அழுத்த முடிந்தால் பி.எல்.பி, முடியாமல் போனால் நெட். இரண்டும் வேண்டும்.

கோடு தாண்டாதீர்கள்

ஹாம் அலையில் வியாபாரம் கூடாது. சுற்றுலா நிறுவனம் நடத்துபவர், வாடிக்கையாளர் வண்டிகளை ஹாம் நெட் வழியாக இயக்க முடியாது, அதற்கு ஹாம் அல்லாத வேறு வழிகள் இருக்கின்றன. தகுதியில்லாதவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடாதீர்கள். வீடு காலியாக இருப்பதை முகவரியோடு சொல்லாதீர்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

வேலைச் சந்தையில் இதற்கு என்ன மதிப்பு?

நெட் கன்ட்ரோலர் என்பது பதவியல்ல. ஆனால் அது கற்றுத்தருவது, கட்டுப்பாட்டு அறைகளில் காசு கொடுத்துத் தேடும் திறமை: நெருக்கடியில் நிதானக் குரல், முன்னுரிமை வகுப்பது, திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது, அடுத்த ஷிஃப்டுக்குப் புரியும் பதிவு. சுரங்கங்கள், அவசர அழைப்பு மையங்கள், துறைமுகங்கள், ரயில் இயக்கம் எல்லாம் இந்தக் குணங்களின்மேல் ஓடுகின்றன. ரேடியோ பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் கை தேர்ந்தவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: உள்நாட்டு எச்.எஃப் கருவிகளுக்குப் பெயர்பெற்ற கோடான் நிறுவனமே அடிலெய்டில் பிறந்ததுதான்.

சுயவிவரத்தில் ‘பொழுதுபோக்கு: ஹாம் ரேடியோ’ என்று எழுதாதீர்கள், அதைப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ‘பல மாநில நிலையங்கள் சேரும் நெட்டைக் கட்டுப்படுத்தினேன், இருப்பிடப் பதிவேடு பராமரித்தேன், தாமதமான பயணிகளைத் தொடரும் நடைமுறையைக் கையாண்டேன்’ என்று செய்ததை எழுதுங்கள். சான்று வேண்டுமென்றால் வைசென் அமைப்பில் தன்னார்வலராகச் சேருங்கள். 1939-ன் பெரும் காட்டுத்தீக்குப் பிறகு உருவான ஹாம்களின் அவசரத் தொடர்பு அமைப்பு அது. கார் பந்தயங்களிலும் பேரிடர்களிலும் அதன் ஆட்கள் ரேடியோவோடு நிற்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

தேர்வுக்கும் ரேடியோவுக்கும் முன்னால் காதைத் தீட்டுங்கள். இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கும் கிவி எஸ்.டி.ஆர் ரிசீவர்களில் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒன்றைத் தேர்ந்து, மேல் பக்கவாட்டுப் பட்டையில், அதாவது யூ.எஸ்.பி முறையில், 14.116-க்குத் திருப்புங்கள். இந்திய நேரம் காலை 7:30. ஒரு நோட்டில் யார் எங்கிருந்து பேசினார்கள், அடுத்து எப்போது வருவதாகச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். மறுநாள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மீண்டும் உட்காருங்கள். வந்தவர்களுக்கு டிக் போடுவது எளிது. வராதவர் பெயரில் உங்கள் பேனா நின்று, காரணம் தெரியும் வரை மனம் அங்கேயே சுற்றினால், தேர்வுக்கு இன்றே பதிவு செய்யலாம். நீங்கள் இந்த வேலைக்கு ஏற்ற ஆள்.