வகுப்பறை இடாப்பும் நம்ம செக்ரோலும்



கொழுந்து எடுக்கிற ஒரு தாயிடம், "நேத்து உங்களுக்குப் பேர் விழலே" என்று கணக்கப்பிள்ளை சொன்னால் என்ன நடக்கும்? அந்த இடத்திலேயே நின்று கேட்பார். கூட எடுத்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். ஒரு பேர் போனால் ஒரு நாள் கூலி போச்சு என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்ம பிள்ளைக்கும் இப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது. வகுப்பாசிரியரின் மேசையில் இருக்கும் வரவு இடாப்புதான் அது. அதில் பேர் விழாவிட்டால் பிள்ளைக்கு என்ன போகிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. வருடத்துக்கு ஏறத்தாழ 200 நாள் பாடசாலை நடக்கிறது என்று வையுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் பிள்ளை நின்றால், வருடத்துக்கு 40 நாள் போய்விடும். முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை ஐந்து வருடம். ஐந்து நாற்பது 200. அதாவது, "ஒரு நாள்தானே" என்று நிறுத்திய பிள்ளை ஒரு முழு வருடப் படிப்பை இழந்துவிட்டு ஐந்தாம் தரத்தில் உட்கார்ந்திருக்கும். புலமைப்பரிசில் பரீட்சையில் "என் பிள்ளைக்கு மூளை இல்லே" என்று நாம் சொல்கிறோம். மூளை இருக்கிறது. நாள்தான் இல்லை.

திருகோணமலையில் நாங்கள் பார்த்தது

கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் போய் வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அந்த மாவட்டத்தில் நமக்குச் சொந்தக்காரரும் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களில் சில திருகோணமலைப் பக்கமும் தங்கிவிட்டன. அப்படி ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, நகரத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தோம்.

பிள்ளைகளில் பலர் கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அப்பா இரவில் கடலுக்குப் போய்விடுவார். அம்மா விடியுமுன்னே மீன் வாங்கி விற்கப் போய்விடுவார். விடியற்காலையில் வீட்டில் பெரியவர்கள் இல்லாதது நமக்குப் புதிதா என்ன? நமக்குப் பெரட்டு, அவர்களுக்குக் கடல். அவ்வளவுதான்.

ஆனால் ஏழரை மணிக்கு வகுப்பில் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். புத்தகப்பைகள் ஒரு பக்கம், தண்ணீர்ப் போத்தல்கள் சுவரோரம் வரிசையாக. ஒரு குழு வகுப்பைக் கூட்டியது. இன்னொரு குழு கரும்பலகையைத் துடைத்தது. யாருக்கு எந்த நாள் என்று சுவரில் ஒரு அட்டை தொங்கியது. வழிபாடு முடிந்ததும் டீச்சர் இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

அன்று பாடம் மான். கோட்டைப் பக்கமும் ஊருக்குள்ளும் புள்ளிமான்கள் மேய்வதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். "வழியிலே எத்தனை மான் பாத்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு, எண்ணவும் கூட்டவும் வரையவும் வைத்தார் டீச்சர். பிந்தி வந்த ஒரு பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வந்த பிறகும் அவனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழரைக்கு வரச் சொல்வது எதற்கு என்று அப்போது எங்களுக்கு நன்றாக விளங்கியது.

வகுப்பில் விளையாட்டு எதற்கு?

"பள்ளிக்கூடம் போனா வெளையாடத்தான் விடுறாங்க" என்று சில பெற்றோர் குறைப்படுகிறார்கள். 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை மூன்றாகப் பிரித்தது: விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. முதலாம், இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்குக் கூடுதல் இடம். மூன்றிலும் நான்கிலும் மூன்றும் கலந்து வரும். ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை கூடும். பிள்ளை வரிசையில் நிற்பது, முறைக்காகக் காத்திருப்பது, இன்னொருவர் பேசும்போது கேட்பது எல்லாம் விளையாட்டில்தான் படிகிறது. இது படியாத பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் ஏறுவது கஷ்டம்.

வகுப்பு பிள்ளையிடம் எதிர்பார்ப்பது

1. நேரத்துக்கு வருவது.
2. தன் கொப்பி, பென்சில், அழிறப்பரைத் தானே எடுத்துத் தானே வைப்பது.
3. பேச வேண்டுமானால் கை உயர்த்துவது. விளங்காவிட்டால் பயப்படாமல் கேட்பது.
4. சாப்பிடுமுன்னும் மலசலகூடம் போய் வந்த பின்னும் கை கழுவுவது.
5. தன் முறை வரும்போது வகுப்பைத் துப்புரவாக்குவது. இது தண்டனை அல்ல. மகனும் செய்ய வேண்டும், மகளும் செய்ய வேண்டும்.

இந்த ஐந்தையும் டீச்சர் மட்டும் பழக்கிவிட முடியாது. வீட்டில் அம்மா புத்தகப்பையை அடுக்கிக் கொடுத்தால், வகுப்பில் அந்தப் பிள்ளை பென்சிலைத் தேடிக்கொண்டே இருக்கும்.

எழுத்துத் தெரியாத அம்மா என்ன செய்யலாம்?

திருகோணமலையில் மீன் விற்கிற ஒரு தாயிடம், "பிள்ளையின் படிப்பை எப்படிப் பாக்கிறீங்க?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனா பின்னேரம் கொப்பியத் திறந்து, இண்டைக்கு எழுதினதக் காட்டு எண்டு கேப்பன். புதுப் பக்கம் எழுதியிருக்கா, ரீச்சர் சிவப்பால சரி போட்டிருக்கா எண்டு பாப்பன். பிறகு, அத எனக்கு வாசிச்சுக் காட்டு எண்டுவன். அவள் வாசிப்பாள். நான் கேப்பன்."

இதைவிட நல்ல பாடத்தை நாங்கள் எழுதிவிட முடியாது. புதுப் பக்கம் இருக்கிறதா? சிவப்பு மை இருக்கிறதா? பிள்ளை அதை வாசிக்கிறதா? இந்த மூன்றையும் கேட்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். அம்மா கேட்பார் என்று தெரிந்தால் பிள்ளை வகுப்பில் எழுதும்.

நம்ம லயத்தில் ஒரு நாள்

விடியற்காலையில் நமக்கு நேரம் இல்லை. ஆகவே பாடசாலை நாளை முதல் நாள் பின்னேரமே தொடங்க வேண்டும்.

பின்னேரம்: மலையிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்த பிறகு கொப்பி பார்க்கும் பத்து நிமிடம். அப்பா பார்த்தாலும் சரிதான்.

இரவு: பிள்ளை தன் பையைத் தானே அடுக்கட்டும். உடுப்பும் சப்பாத்தும் ஓரிடத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் குடையும் மாற்றுச் சட்டையும் மறக்க வேண்டாம். ஒன்பது மணிக்குள் தூக்கம். டீவி சத்தமும், சம்பள நாள் இரவுச் சண்டையும் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். அடுத்த நாள் வகுப்பில் தூங்கி விழுவது நம்ம பிள்ளைதான்.

காலை: வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாதீர்கள். ஒரு ரொட்டியாவது வயிற்றில் இருக்க வேண்டும். நீங்கள் பெரட்டுக்குப் போய்விட்டால் பிள்ளையை அனுப்புவது யார்? ஆயாவா, தாத்தாவா, பக்கத்துக் காம்பரா அக்காவா? இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் போனால், "இன்னைக்கு நிக்கப் போறேன்" என்கிற பேச்சே குறைந்துவிடும்.

மூத்த பெண் பிள்ளையைப் பற்றி

கைக்குழந்தைக்குச் சுகமில்லை என்றால் யாரை வீட்டில் நிறுத்துகிறோம்? மூன்றாம் தரம் படிக்கிற மகளை. மகனை நிறுத்துவதில்லை. இதை நாமே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்காம்பரா இருப்பது எதற்கு? திருகோணமலை நகரத்தில் இன்று பேர்போன ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியை 1923இல் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற ஒரு பெண்தான். நூறு வருடத்துக்கு முன்னே ஒரு பெண் அப்படி நினைத்தார். நாம் இன்று மகளை ஒரு நாள்கூட நிறுத்தாமல் இருந்தாலே பெரிய காரியம்.

சட்டமும் நம்ம பக்கம்தான். 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பாடசாலை கட்டாயம் என்று இருந்தது. 2016இல் அது 16 வயதாக உயர்த்தப்பட்டது.

டீச்சரிடம் எப்படிப் பேசுவது?

பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் போய் நிற்க வேண்டாம். பாடசாலை தொடங்குமுன் அல்லது விட்ட பிறகு முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அதிபரிடம் பிறகு போகலாம். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாலும் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும்.

இன்னொன்று. "நல்லா அடிச்சுத் திருத்துங்க சேர், கண்ணு ரெண்டையும் விட்டுட்டு" என்று நம்மில் சிலர் இன்னமும் சொல்கிறோம். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை விளங்காததைக் கேட்காது. கேட்காத பிள்ளை பின்தங்கும். பின்தங்கிய பிள்ளை ஒரு நாள் நிற்கும், பிறகு இரண்டு நாள் நிற்கும், அப்புறம் வரவே வராது. ஆகவே, "விளங்காட்டி கேக்கச் சொல்லுங்க சேர்" என்று சொல்லிப் பழகுவோம்.

லயத்தில் கூடிப் பேசுவோம்

1. போன மாதம் நம்ம பிள்ளை எத்தனை நாள் நின்றது? ஏன்?
2. நேற்று பிள்ளையின் கொப்பியை யார் பார்த்தது?
3. நாளைக் காலை நம்ம வரிசைப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிப் போவது யார்?

நம்ம பாட்டன், பூட்டன் காலத்தில் பிள்ளைகளின் பேர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டுமே இருந்தது. பத்து வயதிலேயே கூடை தூக்கியவர்கள் அவர்கள். இன்று நம்ம பிள்ளையின் பேர் பாடசாலை இடாப்பில் இருக்கிறது. நம்ம பேர் ஒரு நாள் விடுபட்டால் எப்படி நின்று கேட்போமோ, அப்படியே பிள்ளையின் பேருக்காகவும் நின்று கேட்போம். நாளைக்கு டீச்சர் பேர் கூப்பிடும்போது, "வந்திருக்கிறேன்" என்று பதில் சொல்ல நம்ம பிள்ளை அங்கே இருக்கட்டும்.