தாத்தாவும் தேங்காய்ச் சட்னியும்

எங்கள் தாத்தா பேராக் மாநிலத்தின் பகான் டத்தோவில் பிறந்தவர். கடலோரமாக அமைந்த அவ்வட்டாரம் தென்னைக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்த தென்னந்தோட்டம் ஒன்றில் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேங்காய் உரிக்கும் வேலை செய்தார். நிலத்தில் நட்ட கூரிய இரும்பில் காயைக் குத்தித் திருகினால், மட்டை சில நொடிகளில் கழன்றுவிடும். உடைத்த காயின் முதல் சில்லு பேரப்பிள்ளைகளான எங்களுக்குத்தான். "பச்சைத் தேங்காய் உடம்புக்கு வலு" என்பார்.

சென்ற ஆண்டு தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருப்பதாகக் கூறி மருத்துவர்கள் சிகிச்சை அளித்தனர். "கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையோடு அவர் வீடு திரும்பினார். அன்றே வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது.

"இனி இந்த வீட்டுக்குள் தேங்காயே வரக்கூடாது" என்றார் அப்பா. அத்தையோ, தம் கைப்பேசிக்கு வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். நாள்தோறும் காலையில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் அடைப்புக் கரைந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. ஒருவர் தேங்காயை நஞ்சு என்கிறார். மற்றவர் மருந்து என்கிறார். இருவருக்கும் இடையில் தாத்தா, சட்னி இல்லாத தோசையில் இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். ஒரு மாதத்தில் அவர் மிகவும் மெலிந்துபோனார்.

அடுத்த முறை மருந்தகத்திற்குச் சென்றபோது, மருத்துவர் எங்களை உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். தாத்தாவுடன் நானும் சென்றிருந்தேன். நடந்ததையெல்லாம் கேட்ட அந்த அம்மையார், ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளை எழுதினார்: எந்த வடிவில்? எவ்வளவு? எதனோடு?

"ஐயா, முதல் கேள்விக்கு வருவோம். இளநீர், பருப்பு, பால், எண்ணெய் எல்லாமே தேங்காயிலிருந்து வருபவைதாம். ஆனால், அவை ஒன்றல்ல. 100 கிராம் பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர். மீதியில் 33 கிராம் கொழுப்பு, 9 கிராம் நார்ச்சத்து, 3 கிராம் புரதம் உள்ளன. சர்க்கரை சுமார் 6 கிராம்தான். நார்ச்சத்து மலச்சிக்கலைத் தவிர்க்கும். உணவு செரிக்கும் வேகத்தைக் குறைத்து, வயிறு நிறைந்த உணர்வைத் தரும். எலும்புக்குத் தேவையான மாங்கனீசும், இரத்தச் சிவப்பணுக்கள் உருவாக உதவும் செம்பும், பொட்டாசியமும் இதில் இருக்கின்றன. பச்சைத் தேங்காய் வலு என்று நீங்கள் சொன்னதில் உண்மை உண்டு."

தாத்தா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"அதே தேங்காயைத் துருவிப் பிழிந்தால் என்ன ஆகும்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"பால் கிடைக்கும். சக்கை மிஞ்சும்" என்றேன்.

"சரிதான். கொழுப்பில் பெரும்பகுதி பாலோடு வந்துவிடும். நார்ச்சத்து சக்கையிலேயே தங்கிவிடும். சக்கையை எறிந்துவிட்டுப் பாலை மட்டும் குழம்பில் ஊற்றுகிறோம். எண்ணெயில் நார்ச்சத்தும் இல்லை, நீரும் இல்லை; அது முழுக்க முழுக்கக் கொழுப்பு."

பிறகு இரண்டாம் கேள்வியைச் சுட்டிக் காட்டினார்.

"தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. இது இரத்தத்தில் நல்ல கொலஸ்ட்ராலைச் சற்று உயர்த்தும். ஆனால் கெட்ட கொலஸ்ட்ராலையும் உயர்த்திவிடும். நாள்தோறும் நாம் பெறும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே ஏறத்தாழ 12 கிராம் இருக்கிறது. இரண்டு கரண்டி குடித்தால் அன்றைய அளவு உணவு உண்ணும் முன்பே முடிந்துவிடும். எந்த எண்ணெயும் அடைப்பைக் கரைக்காது, ஐயா. மருந்தை நிறுத்திவிட்டு இத்தகைய செய்திகளை நம்புவது உயிருக்கே ஆபத்து."

"அப்படியென்றால் சட்னி?" தாத்தா தயங்கியபடி கேட்டார்.

"இரண்டு மேசைக்கரண்டித் துருவல் சுமார் 10 கிராம். அதில் உள்ள கொழுப்பு 3 கிராமுக்குச் சற்று அதிகம். அந்த அளவு சட்னியை நீங்கள் உண்ணலாம்."

தாத்தாவின் முகம் மலர்ந்தது. எனினும், அவர் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது. "தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் தினமும் தேங்காய் தின்றோமே! அப்போது இந்த நோயைப் பற்றி அதிகம் கேள்விப்படவில்லையே, அம்மா?"

"அதற்குத்தான் மூன்றாம் கேள்வி. பசிபிக் பெருங்கடலில் டோக்கெலாவ், புக்காபுக்கா என்னும் தீவுகள் உள்ளன. 1981இல் வெளியான ஆய்வு ஒன்று அத்தீவு மக்களின் உணவை ஆராய்ந்தது. டோக்கெலாவ் மக்கள் பெற்ற ஆற்றலில் 63 விழுக்காடு தேங்காயிலிருந்தே கிடைத்தது. அவர்களுடைய கொலஸ்ட்ரால், தேங்காயைக் குறைவாக உண்ட புக்காபுக்கா மக்களைவிட உயர்ந்தே இருந்தது. இருப்பினும், இரு தீவுகளிலும் இதய நோய் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் தேங்காயோடு மீனும் கிழங்கும் பழமும் உண்டார்கள்; சர்க்கரையும் உப்பும் மிகக் குறைவு. டோக்கெலாவ் மக்களில் பலர் பின்னர் நியூசிலாந்தில் குடியேறினர். அங்கே அவர்கள் தேங்காய் உண்பது குறைந்தது. ஆனால், உடல் எடையும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கூடின. தேங்காயை மட்டும் பார்த்தால் போதாது. முழுத் தட்டையும், முழு நாளையும் பார்க்க வேண்டும். நீங்கள் அன்று நாள் முழுவதும் வெயிலில் உழைத்தீர்கள். இன்று?"

"நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்" என்றேன். மூவரும் சிரித்தோம்.

ஆயினும், இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தியன்று. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். ஏறக்குறைய அறுவரில் ஒருவருக்கு நீரிழிவு. காலையில் தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக், மதியம் கெட்டியான பாலூற்றிய கறி, மாலையில் இனிப்புக் குவே என்று உண்டுவிட்டு, பழியை மட்டும் தேங்காய்மேல் போட முடியுமா?

அன்றுமுதல் எங்கள் சமையலறை மாறியது. அம்மா கொத்தமல்லியும் பொட்டுக்கடலையும் கூட்டி, தேங்காயைக் குறைத்துச் சட்னி அரைத்தார். அவரை, முட்டைக்கோஸ் பொரியலில் ஒரு கைப்பிடித் துருவல் சேர்த்தார். தேங்காய்ப் பால் ஊற்றிய கறி வாரத்திற்கு ஒருநாள் என்றானது. துருவிய தேங்காய் விரைவில் புளித்துவிடும் என்பதால், சந்தையில் வாங்கியதை அன்றே பயன்படுத்தினோம். மிஞ்சியதை உறைபெட்டியில் வைத்தோம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பது எல்லாருக்கும் வழக்கமானது. மாலைதோறும் தாத்தாவும் நானும் பூங்காவில் நடந்தோம்.

மூன்று மாதங்களுக்குப்பின் செய்த பரிசோதனையில் தாத்தாவின் கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. மருந்து, நடை, உணவு மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்ணுமாறு 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதை அப்பாவும் அத்தையும் இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டனர்.

கடந்த வாரம் தாத்தா மீண்டும் ஒரு தேங்காயை உடைத்தார். முதல் சில்லை எனக்குத் தந்தார். ஒரு சிறிய துண்டைத் தம் வாயில் போட்டு மெதுவாக மென்றார். "மீதி சட்னிக்கு" என்று கூறி, மூடியை அம்மாவிடம் நீட்டினார்.

அருஞ்சொற்பொருள்
சில்லு – சிறு துண்டு
சக்கை – பிழிந்தபின் எஞ்சுவது
ஐயம் – சந்தேகம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

சிந்தித்து விடையளிப்போம்
1. தேங்காய் குறித்து அப்பாவும் அத்தையும் கொண்டிருந்த கருத்துகள் யாவை? அவற்றிலுள்ள தவறுகளை விளக்குக.
2. பச்சைத் தேங்காய்ப் பருப்புக்கும் தேங்காய்ப் பாலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. டோக்கெலாவ் மக்களைப் பற்றிய ஆய்வு உணர்த்தும் கருத்து என்ன?
4. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் தேங்காய் எந்தெந்த வடிவில் பயன்படுத்தப்படுகிறது? பட்டியலிட்டு, நீங்கள் செய்ய விரும்பும் ஒரு மாற்றத்தைக் காரணத்துடன் எழுதுக.