தேடுசொல் தேர்வு
இணையதளத்தில் செக்கெண்ணெய் விற்கும் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

பயிரை விளைவிப்பது ஒரு வேலை. விளைந்ததை நல்ல விலைக்கு விற்பது மற்றொரு வேலை. முதல் வேலையில் தலைமுறை தலைமுறையாய்த் தேர்ச்சி பெற்ற குடியானவர்கள், இரண்டாவது வேலையைத் தரகரிடமும் மண்டிக்காரரிடமும் விட்டுவிடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்து வந்தது. சில வருஷங்களாக, நிலக்கடலை, எள், தேங்காய் முதலியவற்றை விளைவிப்போரிற் பலர் தாமே மரச்செக்கு அமைத்து எண்ணெய் ஆட்டி, சொந்தமாக ஓர் இணையதளமும் ஏற்படுத்திக்கொண்டு, வெளியூர்க் குடும்பங்களுக்கு நேராக அனுப்பி வருகின்றனர். இது வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும், தளம் ஏற்படுத்தி ஆறு மாதமாகியும் ஓர் ஆர்டரும் வராமல், போட்ட முதல் வீணாயிற்றே என்று மனந்தளர்வோரும் உண்டு. எண்ணெயில் குறை இராது. விலையிலும் குறை இராது. வாங்க விரும்புகிறவர் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுகின்றாரோ, அந்தச் சொல் தளத்தில் இல்லாமற் போவதே பல சமயங்களில் இதற்குக் காரணமாகும். அச்சொல்லையே தேடுசொல் என்கிறோம். அதைத் தேர்ந்தெடுக்கும் முறை கீழே விவரிக்கப்படுகிறது.

தேடுபொறி வேலை செய்யும் விதம்

கூகிள் போன்ற தேடுபொறி மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, இணையத்திலுள்ள பக்கங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து சென்று படிக்கிறது. இரண்டாவது, படித்தவற்றை ஒரு பெரிய பதிவேட்டில் சேர்க்கிறது. மூன்றாவது, ஒருவர் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடும்பொழுது, அதற்குப் பொருத்தமான பக்கங்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. சர்வே நம்பர் குறிக்கப்படாத நிலத்தை அடங்கலில் தேடிக் காண்பது எவ்வளவு கடினம் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள். தேடுவோர் வழங்கும் சொல்லோ அதன் பொருளோ காணப்படாத பக்கத்தின் நிலைமையும் அத்தகையதே.

முற்காலத்தில், பக்கத்தினுள்ளே மறைவாகத் தேடுசொற்களின் ஜாபிதா ஒன்றைச் சேர்த்துவிட்டாற் போதுமென்ற எண்ணம் இருந்தது. பக்கங்களை வரிசைப்படுத்துவதற்கு அந்த ஜாபிதாவைத் தான் கவனிப்பதில்லை யென்று கூகிள் 2009-ஆம் வருஷத்திலேயே தெரிவித்துவிட்டது. ஆகவே, சொல்லானது வாங்குவோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அர்த்தமுள்ள வாக்கியத்தில் இருத்தல் வேண்டும்.

வாங்குவோர் வழங்கும் சொல்

விற்பவர் தமக்குப் பழகிய சொல்லையே எழுதிவிடுவது சாதாரணமாய்க் காணப்படும் பிசகு. நிலக்கடலையையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் அதனை மல்லாட்டை என்பர். சென்னையில் வேர்க்கடலை என்பர். இலங்கையில் கச்சான் என்பர். ஆங்கிலத்திலும் இந்நாட்டார் கிரவுண்ட்நட் என்பதை அமெரிக்கர் பீநட் என்பர். மல்லாட்டை எண்ணெய் என்று மாத்திரம் எழுதப்பட்ட பக்கம், சென்னையில் வேர்க்கடலை எண்ணெய் தேடும் குடும்பத்தின் கண்ணிற் படுவது அரிது. ஆகையால், எண்ணெய் எந்த ஊருக்குச் செல்லவேண்டுமோ அந்த ஊரார் வழங்கும் பெயரைத் தலைப்பிலும், மற்றப் பெயர்களைப் பக்கத்தின் உள்ளேயும் எழுதுவது நலம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவோரும் பலர். அவர்கள் மரச்செக்கு என்பதை ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும், எழுத்துக்களைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவர். மிகுதியாய் வழங்கும் ஓரிரு வடிவங்களைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே சொல் பல பொருள் தருவதையும் கவனிக்க வேண்டும். கடலை என்று மாத்திரம் தேடுபவர் கொண்டைக்கடலையையோ, பொட்டுக்கடலையையோ, கடலைமாவுப் பலகாரத்தையோ நினைத்திருக்கலாம். அத்தகைய பொதுச் சொல்லை நம்பிப் பக்கம் எழுதுவது, மானாவாரி நிலத்தில் நெல் நட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பதை ஒக்கும். பெரிய கம்பெனிகள் அப்பொதுச் சொற்களில் முன்னமே வேரூன்றியுள்ளன. புதிய தளத்திற்கு ஏற்றவை, மூன்று நான்கு சொற்கள் சேர்ந்த குறிப்பான தொடர்களே. "வாகை மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர்" என்று தேடுவோர் சிலரே. ஆனால் அச்சிலர் வாங்கும் எண்ணத்துடன் வருகிறவர்கள்.

தேடுவோரின் நோக்கம்

சொல்லைக் காட்டிலும் சொல்லின் பின்னுள்ள நோக்கம் முக்கியமானது. "கடலை எண்ணெய் உடம்புக்கு நல்லதா" என்று தேடுபவர் விஷயமறிய விரும்புகிறார். "செக்கெண்ணெய்க்கும் ரீபைண்டு எண்ணெய்க்கும் வித்தியாசம்" என்பவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். "செக்கு கடலை எண்ணெய் 1 லிட்டர் விலை" என்பவர் பணத்தைக் கையில் வைத்திருக்கிறார். முதலிருவருக்கும் விளக்கக் கட்டுரையும், மூன்றாமவருக்கு விலையும் அளவும் அனுப்புங் கூலியும் காட்டும் பக்கமும் தேவை. விலை கேட்பவருக்கு வரலாறு கூறினால் அவர் வேறு கடைக்குச் செல்வார்.

"மரச்செக்கு விலை" என்னும் தொடர் எண்ணெய் விற்பவருக்கு மிகவும் ஏற்றதுபோலத் தோன்றும். ஆனால் அவ்வாறு தேடுவோரில் பலர் எண்ணெய் வாங்க வந்தவரல்லர். புதிதாகச் செக்கு இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்க எண்ணுபவர். அவ்வாறே, டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 முதலிய ரகப் பெயர்களில் குடியானவருக்குப் பெருமை உண்டு. எண்ணெய் வாங்கும் இல்லத்தரசி அப்பெயர்களைக் கேட்டறியாள். ஆனால் விதைக்கடலை விற்பவருக்கு அந்த ரகப் பெயரே முதன்மையான தேடுசொல்லாகும். பயிர் ஒன்றே, வாங்குபவர் வேறு, ஆகவே சொல்லும் வேறு.

சொற்களைச் சேகரிக்கும் முறை

1. செக்கடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, டெலிபோனிலும் வாட்ஸ்அப்பிலும் நேரிலும் வாங்குவோர் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கூறிய சொற்களிலேயே ஒரு மாதம் எழுதிவர வேண்டும். இதற்குச் செலவில்லை; இதனினும் நம்பத்தக்க ஆதாரமும் வேறில்லை.

2. கூகிளின் தேடும் கட்டத்தில் முதற் சொல்லை அடித்தவுடன், அதன் கீழே சில தொடர்கள் தாமாகத் தோன்றும். அவை பிறர் தேடியவற்றை ஒட்டி எழுபவை. அவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

3. கூகிள் விளம்பரக் கணக்கிலுள்ள கீவேர்ட் பிளானர் என்னும் கருவி, ஒரு சொல் மாதந்தோறும் உத்தேசமாய் எத்தனை முறை தேடப்படுகிற தென்பதைக் காட்டும். கூகிள் டிரெண்ட்ஸ் என்னும் கருவி, எந்தப் பருவத்தில் தேடுதல் ஏறி இறங்குகிற தென்பதைக் காட்டும். தீபாவளிப் பலகாரத்திற்கு எண்ணெய் விற்க நினைப்பவர், பக்கத்தைச் சில மாதங்களுக்கு முன்பே எழுதி முடித்தல் வேண்டும். மாறுதல்களில் சில சில மணி நேரத்திலும், சில பல மாதங்கள் கழித்துமே பலன் தரும்.

4. தளம் நடைபெறத் தொடங்கியபின், கூகிள் ஸெர்ச் கன்ஸோல் என்னும் இலவசக் கருவியைப் பார்வையிட வேண்டும். எந்தத் தேடலில் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தனர், வரிசையில் சராசரி எத்தனையாவது இடம் என்பனவற்றை அது தெரிவிக்கும். பலமுறை காட்டப்பட்டும் ஒருவரும் உள்ளே வராத சொல் இருப்பின், தலைப்பைத் திருத்த வேண்டுமென்றாவது, அச்சொல் தமக்கு ஏற்றதன்றென்றாவது அறியலாம்.

சொல்லை இடவேண்டிய இடம்

ஒரு பக்கத்திற்கு ஒரு பொருள் என்பது விதி. கடலை எண்ணெய்க்கு ஒன்று, நல்லெண்ணெய்க்கு ஒன்று, தேங்காய் எண்ணெய்க்கு ஒன்று என்று தனித்தனிப் பக்கங்கள் வேண்டும். தேர்ந்தெடுத்த தொடர், பக்கத்தின் தலைப்பிலும், முதற் பத்தியிலும், படத்திற்குரிய குறிப்பிலும் இயல்பாய் அமைய வேண்டும். ஒரே சொல்லை வரிக்கு வரி திணித்தலும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைத்தலும் தேடுபொறியின் விதிகளுக்கு விரோதமாகும். அளவுக்கு மிஞ்சிய உரம் பயிரைக் கருக்குவதுபோல அவை தளத்தையே பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும்.

சொல்லுக்கேற்ற விஷயமும் பக்கத்தில் இருத்தல் அவசியம். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 2½ கிலோ பருப்பு தேவைப்படுவதையும், அதனால் விலை இவ்வளவு ஆவதையும் எழுதினால், விலை அதிகமென்று நினைப்பவருக்கும் காரணம் விளங்கும்.

விளம்பரச் செலவுக் கணக்கு

தேடுசொல்லுக்குப் பணம் கட்டி விளம்பரம் செய்வதும் உண்டு. இதில், விளம்பரத்தைத் தொட்டு ஒருவர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் பணம் பிடிக்கப்படும். ஆகையால் சாகுபடிச் செலவுக் கணக்கைப் போல இதற்கும் கணக்கு வேண்டும். 5 லிட்டர் டின் ஒன்றுக்கு, அனுப்புங் கூலி உள்பட எல்லாச் செலவும் போக, 200 ரூபாய் நிற்கிறதென்றும், ஒருவர் உள்ளே வருவதற்கு 8 ரூபாய் ஆகிறதென்றும் உதாரணமாக வைத்துக்கொள்வோம். பொதுச் சொல்லால் வரும் 50 பேரில் ஒருவர் வாங்கினால், ஒரு டின்னுக்கு விளம்பரச் செலவு 400 ரூபாய். நஷ்டம் 200 ரூபாய். குறிப்பான தொடரால் வரும் 10 பேரில் ஒருவர் வாங்கினால், செலவு 80 ரூபாய். மிச்சம் 120 ரூபாய். கூட்டம் பெரிதாயிருந்த சொல்லே நஷ்டத்தைத் தந்தது.

இயந்திரம், மெஷின், வேலை, பயிற்சி முதலிய சொற்களுடன் தேடுவோருக்கு விளம்பரம் காட்டலாகாதென்று விலக்குச் சொற்களாகக் குறித்துவிடவும் வசதி உண்டு. இது வயலில் களையெடுப்பதற்குச் சமானம். விளம்பரம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்வது உசிதம்.

தவிர்க்க வேண்டியவை

பொருளில் இல்லாத குணத்தைச் சொல்லில் ஏற்றலாகாது. இரும்பு இயந்திரத்தில் ஆட்டியதை மரச்செக்கு எண்ணெயென்று எழுதுவது மோசடியாகும். உணவுப்பொருளானது நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று கூறுவதை 2018-ஆம் வருஷத்து உணவு விளம்பர ஒழுங்குவிதிகள் தடுக்கின்றன. ஆகவே, எவ்வளவு பேர் தேடினும், நோய்ப் பெயர்களைத் தேடுசொல்லாகக் கொண்டு எண்ணெய் விற்க முற்படலாகாது. இயற்கை விவசாயப் பொருள் என்று தேடி வருபவர் அதற்குரிய சான்றிதழைக் காண விரும்புவார். அது இல்லாதவர் அச்சொல்லை விட்டுவிடுவதே மரியாதை. ஊர்ப் பெயர்களிலும் ஜாக்கிரதை வேண்டும். ஈரோடு மஞ்சள் என்பது 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. வேறிடத்து மஞ்சளை அப்பெயரால் விற்பது சட்ட விரோதமாகும்.

இன்னொரு விஷயம். இன்ன சொல்லுக்கு முதலிடம் வாங்கித் தருவதாக உறுதி கூறிப் பெருந்தொகை கேட்போர் கிராமங்களுக்கும் வருகின்றனர். அத்தகைய உறுதி எவராலும் அளிக்க இயலாதென்று கூகிளே எச்சரித்திருக்கிறது. அறுவடைப் பணத்தை அவர்களிடம் கொடுக்குமுன், எந்தச் சொல், அதை யார் தேடுகிறார்கள், தேடி வருபவர் வாங்குவாரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பதில் திருப்தியாயில்லாவிடில் பணத்தைக் கொடாதிருப்பதே நலம்.

முடிவுரை

சொந்தத் தளம் வைக்க வசதியில்லாத சிறு குடியானவர்கள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் மூலமாகச் சேர்ந்து ஒரே தளத்தை நடத்தலாம். கிராம உத்தியோகஸ்தர்களும் பெரிய மிராசுதார்களும் இதில் முன்னின்று உதவுவது பொருத்தமாகும். நிலத்தைப் பார்த்து விதையைத் தேர்ந்தெடுப்பவர் குடியானவர். அதேபோல வாங்குவோர் வாய்மொழியைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நாளை வரும் முதல் வாடிக்கைக்காரர் சொல்வதை அப்படியே எழுதத் தொடங்கினால், அதுவே இவ்வேலையின் முதல் உழவாகும்.