திரும்பி வரச் செய்யும் வேலை

யானைக்கவுனி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. செயலி வடிவமைக்கும் வேலையில் நீ சேர்ந்த சேதி கேட்டு வீடே மகிழ்ந்தது. "இன்னைக்கு வந்தவங்க நாளைக்கும் வரணும், அதுதான் எங்க டீமோட பொறுப்பு" என்று போனில் சொன்னாய். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒருவரைத் திரும்பத் திரும்ப வரச் செய்ய இரண்டு வழி உண்டு. வந்த காரியத்தை முடித்து அனுப்பலாம்; முடியவே விடாமல் பிடித்தும் வைக்கலாம். திரும்பி வருபவர்களை எண்ணும் ரிடென்ஷன் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாட்டைப் பார்க்க வேண்டியவள் நீ.

முதல் வழிக்கு, முன்பதிவில்லா டிக்கெட் எடுக்க ரயில்வே தந்த யு.டி.எஸ். செயலியைப் பார். 2015இல் சென்னைக்கு வந்தது. எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கவுன்டர் வரிசையில் நிற்காமல் டிக்கெட் எடுத்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார்கள். அதில் பொழுதுபோக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் திறந்தார்கள். தேவை தீர்ந்தது, அது போதுமாக இருந்தது.

இரண்டாவது வழி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் ஓயாமல் முயலும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். ரம்மியும் அப்படித்தான் பிடித்து வைத்தது. அதில் கடன்பட்டுக் குடும்பங்கள் சிதைந்த பிறகு நம் மாநிலம் 2022இல் சட்டம் இயற்றியது. அதன் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை மூடச் சொன்னன. ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை காட்டச் சொன்னன. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் தடையே கொண்டுவந்தது. 'போதும், தூங்கப் போ' என்று சொல்லும் பொறுப்பை வடிவமைத்தவர்கள் கைவிட்டார்கள். அதை அரசாங்கம் ஏற்க வேண்டியதாயிற்று.

ஆகவே, எத்தனை நிமிடம் இருந்தார் என்று மட்டும் எண்ணாதே. வந்த காரியம் முடிந்ததா, தானாகத் திறந்தாரா, நோட்டிஃபிகேஷன் பார்த்து வந்தாரா என்று பிரித்து எண்ணு. சேருவது எவ்வளவு சுலபமோ, விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கட்டும். சந்தாவை ரத்து செய்ய விடாமல் அலைக்கழிப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. எல்லை வைக்கவும் பயப்படாதே. 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டு ஒரு நாளைக்கு ஒரே புதிர்தான் தந்தது; அந்த அளவே மறுநாளுக்கு ஆசையை வளர்த்தது. 2022 ஜனவரியில் அதை நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது.

அவ்வப்போது இங்கே தங்கசாலைத் தெருவுக்கு வா. வெயிலில், பழைய போனில், விரிசல் விட்ட திரையில் உன் செயலியைத் திறப்பவர்களின் பக்கத்தில் நின்று பார். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஏ.சி. அறையில் தெரியாது.

மேலாளர் எண்ணிக்கை கேட்டால் வாதாடாதே; அவர் கணக்கோடு உன் கணக்கையும் வைத்துக் காட்டு. சிக்கிக்கொண்டு வந்தவர் விடுபட வழி கிடைத்ததும் செயலியை நீக்கிவிடுவார். பயன் கண்டு வந்தவர் நாலு பேரிடம் சொல்வார். தொழில் நிலைப்பது அவரால்தான்.

அன்புடன்,
பெரியப்பா