தொலைத் தரவுத்தளத்தின் நிரைகளை இரட்டிப்பின்றிப் பதுக்கிவைத்தல்

தொலைவிலுள்ள சேவையகத்தின் தரவுத்தளத்தை ஒவ்வொரு தேவைக்கும் அணுகினால் நேரம் வீணாகும். இணைப்பு அறுந்தால் வேலையே நின்றுவிடும். ஆகவே அடிக்கடி தேவைப்படும் நிரைகளின் பிரதியை உள்ளகக் கணினியில் வைத்திருப்பர். இதுவே பதுக்கிவைத்தல் ஆகும்.

மருந்துக் களஞ்சியமொன்றின் அட்டவணையில் 5000 நிரைகள் உள்ளன எனவும் ஒரு நிரை 200 பைற்று எனவும் கொள்க. முழு அட்டவணை 1 000 000 பைற்று, அதாவது 8 000 000 பிற்று. செக்கனுக்கு 64 000 பிற்று செல்லும் இணைப்பில் இதற்கு 125 செக்கன் தேவை. நேற்றிலிருந்து மாறியவை 40 நிரைகள் மட்டுமெனின் 1 செக்கன் போதும். எனவே மாறியவற்றை மட்டுமே பெறுதல் வேண்டும்.

இனி இரட்டிப்பு. பெற்ற நிரைகளைச் சோதிக்காது சேர்த்துக்கொண்டே போனால் "இன்சுலின் 120 குப்பி" என்னும் நிரை இருமுறை பதியப்படும். கூட்டுத்தொகை 240 எனக் காட்டும். கையிருப்புப் போதுமென நினைத்துப் பொறுப்பாளர் புதிதாகக் கேட்கமாட்டார். நோயாளி வெறுங்கையுடன் திரும்புவார்.

மாணவர் பலர் இங்கு, தானாக அதிகரிக்கும் இலக்கமொன்றைப் பிரதியில் முதன்மைச் சாவியாக இடலாம் என எழுதிப் புள்ளிகளை இழப்பர். அதே நிரை மீண்டும் வரும்போது புதிய இலக்கம் பெற்று வேறு நிரையாகிவிடும் அல்லவா? மருந்தின் பெயரும் உதவாது. ஒரே பெயரில் பல தொகுதிகள் இருக்கலாம். சேவையகத்திலுள்ள முதன்மைச் சாவியையே பிரதியிலும் முதன்மைச் சாவியாகக் கொள்க.

அச்சாவி ஏற்கனவே இருப்பின் நிரையை இற்றைப்படுத்துக, இல்லையெனின் செருகுக. இவ்விரண்டையும் ஒரே கட்டளையில் செய்யும் வசதி எஸ்கியூலைற்றில் 2018 இல் வெளிவந்த 3.24.0 பதிப்பிலிருந்து உண்டு. அதற்கு முன்பிருந்தே உள்ள "செருகு அல்லது மாற்றீடு செய்" என்னும் கட்டளை பழைய நிரையை அழித்துவிட்டே புதியதைச் செருகும். பிரதியில் மட்டும் நீங்கள் எழுதிவைத்த குறிப்பு நிரல் இருந்தால் அதுவும் போய்விடும். கவனம் தேவை.

மாறிய நிரைகளை இனங்காணக் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பயன்படுத்துக. அது சேவையகக் கடிகாரத்தின் நேரமாக இருத்தல் வேண்டும். வினவலில் "பெரியது" என்பதிலும் "பெரியது அல்லது சமன்" என்பதே நன்று. அதே செக்கனில் மாறிய இன்னொரு நிரை தவறிப்போகாது. சில நிரைகள் மீண்டும் வந்தாலும் சாவி இரட்டிப்பைத் தடுத்துவிடும்.

பயிற்சி: சேவையகத்தில் அழிக்கப்பட்ட நிரை மேற்கூறிய வினவலில் வருமா? வராதெனின், நிரையை உடனே அழிக்காது "நீக்கப்பட்டது" எனக் குறியிடுவதால் பிரதிக்கு என்ன நன்மை கிடைக்கும் என விளக்குக.