சதுரங்கக் குழுவும் அதன் மத்தியஸ்தரும்

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியனானதும் நம் ஜனங்களிடையே சதுரங்கத்தின்பால் எத்தகைய உற்சாகத்தை விளைவித்திருக்கின்றன என்பதை அறிய வேண்டுபவர்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆலைகளில் பகலும் இரவுமாக ஷிப்ட் மாறிமாறி வேலை பார்க்கும் இளைஞர்களும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காய் நகர்த்துவதைக் கண்டாலே போதும். இப்படி ஆடுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்தவுடன் ஒரு குழு தோன்றிவிடுகிறது. தோன்றிய குழுக்களில் பல ஒரு வருஷங்கூட நிலைப்பதில்லை என்பதையும், அவை கலைந்ததற்கு ஆட்டக்காரர் பஞ்சம் காரணமன்று, ஒரே ஒரு வழக்கைத் தீர்க்கத் தெரியாத அட்மினே காரணம் என்பதையும் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். ஆகவே அந்த ஒரு வழக்கைப் பற்றியே இங்கே விஸ்தாரமாகச் சொல்லப் போகிறேன். மற்றவற்றைச் செய்து பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

தொடங்கும் முறை சுலபமானது. 2010-இல் ஆரம்பிக்கப்பட்ட லிசெஸ் என்னும் தளம் கட்டணமோ விளம்பரமோ இல்லாதது. அதில் ஒரு குழுவை ஏற்படுத்தி, சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பித்த பிறகே சேர்க்கப்படுமாறு அமைத்துவிடுங்கள். யாரையும் முகமறியாமல் சேர்க்க வேண்டாம். ஒருவருக்கு ஒரே கணக்கு. அந்தக் கணக்கின் பெயருக்கு எதிரே அவருடைய உண்மைப் பெயரும் தெருவும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். ஜாதிப் பெருமையைப் பறைசாற்றும் பட்டங்களைக் கணக்கின் பெயராக வைத்துக்கொண்டு வருகிறவர்களை, எவ்வளவு சமர்த்தரானாலும், பெயரை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். நம் பக்கத்தில் இந்த விஷயத்தில் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டால் பிறகு திறக்கவே முடியாது. சிறு பிள்ளைகளின் கணக்குகளில் உரையாடலை மறைக்கும் குழந்தைகள் முறையைப் பெற்றோரைக் கொண்டே இயக்கச் செய்யுங்கள்.

வாரப் போட்டியை ஸ்விஸ் முறையில் வையுங்கள், குறித்த நேரம் முடியும்வரை ஆட்டத்துக்குமேல் ஆட்டமாக ஆடிக் குவிக்கும் அரீனா வேண்டாம். அரீனாவில் அவசரக்காரர்களுக்குத்தான் ஆதாயம். ஸ்விஸ் முறையிலோ தோற்றவனுக்கு அடுத்த சுற்றில் தன் நிலைக்கு ஒத்த எதிராளி கிடைக்கிறான். ஆளுக்குப் பத்து நிமிஷமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடிச் சேர்க்கையும் என்பதே என் கணக்கு. மூன்று நிமிஷ ஆட்டம் சிந்தனையைக் கெடுப்பதோடு, தகராறுகளில் பெரும்பகுதிக்கும் தாயாக இருக்கிறது. பந்தயம் கட்டி ஆடுவது பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் வேண்டாம்: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களின் மீது தமிழ்நாட்டின் 2022-ஆம் வருஷச் சட்டமும் மத்திய அரசின் 2025-ஆம் வருஷச் சட்டமும் இருக்கின்றன, பத்து ரூபாய்ப் பால்கோவாப் பந்தயங்கூட உங்கள் குழுவில் நடக்கக் கூடாது.

அட்மின்கள் இருவர் இருப்பது அவசியம். ஒருவர் ராஜபாளையத்தார், மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரார். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும், ஊரபிமானம் என்பது தூரத்தைப் பார்த்து வருவதில்லை. பட்சபாதம் உண்மையிலேயே இல்லாமலிருப்பது எவ்வளவு முக்கியமோ, இல்லை என்று இரு ஊராரும் நம்புவதும் அவ்வளவு முக்கியம்.

இனிப் பிரதான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் இரவு, போட்டி முடிந்து சற்று நேரத்துக்கெல்லாம், தோற்றவர் ஒருவர் ஆட்டத்தின் படமொன்றைக் குழுவில் போட்டு, "இவன் எஞ்சின் போட்டு ஆடுறான், அட்மின் என்ன செய்றீங்க?" என்று எழுதுவார். கம்ப்யூட்டரின் யோசனையைக் கேட்டு ஆடினான் என்பது குற்றச்சாட்டு. ஐந்து நிமிஷத்துக்குள் நாலு பேர் ஆமாம் என்பார்கள், மூன்று பேர் ஊர்ப் பெயரை இழுப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவன் பதினைந்து வயதுப் பையனாயிருந்தால் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டே போய்விடுவான். குழு கலைவதன் ஆரம்பம் இதுதான்.

அச்சமயத்தில் மத்தியஸ்தர் செய்ய வேண்டிய முதற்காரியம், அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, "புகார் வந்திருக்கிறது, விசாரித்து முடிவு சொல்லப்படும், அதுவரை இதைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்" என்று ஒரே வாக்கியம் எழுதுவது. அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. பையன் மீது நம்பிக்கை இருக்கிறது என்றுகூட எழுத வேண்டாம். அதுவும் ஒரு தீர்ப்பே. செய்தியை நீக்கினால் மறைக்கிறார்கள் என்ற பேச்சு வருமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. வரட்டும், அந்தப் பேச்சு இரண்டு நாளில் அடங்கிவிடும், பையனின் பெயருக்கு நேர்ந்த களங்கமோ அடங்காது. அன்றிரவே எந்த முடிவும் செய்யாதீர்கள்.

மறுநாள் புகார் சொன்னவரைத் தனியே அழைத்து, எந்த ஆட்டம், எத்தனையாவது நகர்த்தல் என்று கேளுங்கள். "அண்ணாச்சி, ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியுது" என்பார். தெரிகிறது என்பது போதாது. நகர்த்தலைச் சுட்டிக் காட்டாத புகாரை ஏற்பதில்லை என்று திடமாகச் சொல்லுங்கள். பாதிப் புகார்கள் இந்தக் கேள்வியிலேயே மறைந்துவிடும்.

எஞ்சியவற்றுக்கு ஆட்டத்தை எடுத்துப் பரிசீலனை செய்ய வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தளம் தரும் ஆராய்ச்சியில் தொண்ணூற்றைந்து சதவீதத் துல்லியம் என்று கண்டவுடன் துள்ளிக் குதிக்கிறார்கள். இருபது நகர்த்தலில் முடிந்த ஆட்டத்தில், எதிராளி ஆரம்பத்திலேயே ராணியை இழந்துவிட்டிருந்தால், சாதாரண ஆட்டக்காரனுக்கும் அந்தச் சதவீதம் வரும். காயை வெட்டினால் திரும்ப வெட்டுவதற்கு மேதை தேவையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்தை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்பதைத் தளம் ஒரு வரைபடமாகவே காட்டுகிறது. மனிதன் ஆடும்போது, திரும்ப வெட்டுவதற்கு ஒரு விநாடியும், சிக்கலான இடத்தில் ஒரு நிமிஷமுமாக ஏற்ற இறக்கம் இருக்கும். எளிய நகர்த்தலுக்கும் ஏழு விநாடி, அரிய நகர்த்தலுக்கும் ஏழு விநாடி என்று ஆட்டம் முழுவதும் ஒரே சீராக இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அப்போதும் ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல், அதே ஆளின் முந்திய ஆட்டங்களையும், முக்கியமாக அவன் தோற்ற ஆட்டங்களையும் பாருங்கள். எப்படித் தோற்கிறான் என்பதைக் கண்டால் ஒருவனுடைய பலம் நன்றாகத் தெரியும்.

அடுத்த படி நேரில் சந்திப்பது. இதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும் பிரயோஜனமில்லை. குழுவினர் நேரில் கூடிப் பலகையில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவனை வரச் சொல்லி, பலகையில் அந்த நிலையை வைத்து, விசாரணை என்ற சாயலே இல்லாமல், ஆட்டம் முடிந்தபின் இருவர் உட்கார்ந்து பேசுவது போலவே பேசுங்கள். "தம்பி, இந்த இடத்திலே குதிரையைப் பின்னாலே இழுத்தாயே, எதற்குப் பயந்தாய்?" என்று கேளுங்கள். உண்மையாக யோசித்து ஆடியவனுக்குத் தான் பயந்த நகர்த்தல் ஒன்று இருக்கும். அதைத் தப்பாகவாவது சொல்லுவான். சொல்லப் போனால், தப்பான காரணமே நல்ல சாட்சி. "யானை இங்கே வந்திருமோன்னு நெனச்சேன்" என்பான். யானை அங்கே வந்தால் ஒரு கெடுதலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயம் மனிதனுடையது. கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டு நகர்த்தியவனுக்கு அந்த நகர்த்தலைச் சுற்றி ஒன்றுமே இருக்காது. ஒரு ஜாக்கிரதை சொல்ல வேண்டும்: நம் பிள்ளைகளில் பலர் பெரியவர்கள் முன்னிலையில் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள், மௌனத்தைக் குற்றத்துக்கு அடையாளமாகக் கொள்ளாமல், "பேச வேண்டாம், காயை நகர்த்திக் காட்டு" என்று சொல்லுங்கள். கை பேசும். பிறகு அவனோடு இரண்டு ஆட்டம் ஆடுங்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் அவனுடைய தரம் என்ன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், தளத்துக்கே புகார் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். நம்மிடம் இல்லாத கருவிகள் அவர்களிடம் இருக்கின்றன. குற்றம் உறுதியானால் கணக்கில் குறி இடுவதோடு, அவனிடம் தோற்றவர்கள் இழந்த புள்ளிகளையும் திருப்பித் தருகிறார்கள். நீங்களே நீதிபதியாகித் தீர்ப்பளிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

உலகத்தின் உச்சியில் இருப்பவர்களே இந்த ஒழுங்கைத் தவறவிட்டதால் நேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மாக்னஸ் கார்ல்சன், ஹான்ஸ் நீமன் என்னும் இளைஞரிடம் தோற்ற மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் விலகியதால் உலகமே காரணத்தை ஊகிக்கலாயிற்று. நீமன் சிறு வயதில் ஆன்லைனில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர்தாம். ஆனால் அந்தப் பலகை ஆட்டத்தில் ஏமாற்றினார் என்பதற்கு ஆதாரம் வரவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போய் 2023 ஆகஸ்டில் சமாதானத்தில் முடிந்தது. அவ்வருஷ டிசம்பரில், தகுந்த காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்குப் பத்தாயிரம் யூரோ அபராதம் விதித்தது உலகச் சதுரங்கச் சம்மேளனமான பிடேயின் ஒழுக்கக் குழு. இதற்கு மாறாக நம் ஆனந்த் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 2021 ஜூனில் நிவாரண நிதிக்காக ஆன்லைனில் நடந்த காட்சி ஆட்டத்தில் தம்மை வென்ற தொழிலதிபர் நிகில் காமத் கம்ப்யூட்டரின் உதவியைப் பெற்றதாகத் தாமே ஒப்புக்கொண்டபோது, ஆனந்த் அவரை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. எதிரே இருந்த நிலையைத் தாம் ஆடியதாகவும், பிறரும் அவ்வாறே ஆட வேண்டுமென எதிர்பார்த்ததாகவும் மட்டுமே தெரிவித்தார். உங்கள் குழுவின் அட்மினுக்கு இந்த அளவு நிதானம் வாய்த்தால் போதும்.

குற்றம் மெய்யென்றே வைத்துக்கொள்வோம். பெயரைக் குழுவில் அறிவிக்காதீர்கள். நமது சிறிய ஊர். காலையில் குழுவில் எழுதியது மாலைக்குள் அவன் தகப்பனார் வேலை பார்க்கும் பேண்டேஜ் தறிக்கூடத்துக்கும் தங்கை படிக்கும் பள்ளிக்கும் போய்விடும். மூன்று மாதம் கைப்பேசி ஆட்டத்துக்குத் தடை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பலகை ஆட்டத்துக்கு அவசியம் வர வேண்டும் என்பதே நான் விதிக்கும் தண்டனை. பலகையில் ஆடப் பழகியவர்களுக்குக் கைப்பேசியில் உதவி தேடும் எண்ணமே நாளடைவில் குறைவதைக் கண்டிருக்கிறேன். குற்றம் பொய்யென்று தெரிந்தாலோ, புகார் சொன்னவர் எந்தக் குழுவில் எழுதினாரோ அந்தக் குழுவிலேயே, எல்லாரும் பார்க்க, தம் புகாரைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு இணங்காதவர் எவ்வளவு வேண்டியவராயிருந்தாலும் விலக்கிவிடுங்கள். இதில் தாட்சண்யம் காட்டிய குழு ஒன்றுகூட உருப்பட்டதில்லை.

அட்மினும் ஆட்டக்காரர்தானே, அவருடைய ஆட்டத்திலேயே புகார் எழுந்தால்? அப்போதுதான் மற்ற ஊர் அட்மின் தேவைப்படுகிறார். சம்பந்தப்பட்டவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கேட்டாலொழிய அபிப்பிராயமும் சொல்லக் கூடாது.

ஆட்டக்காரர்களுக்கும் சில வார்த்தைகள். தோல்வி நிச்சயமென்று தெரிந்ததும் பலகையை அப்படியே விட்டுவிட்டு நேரம் தீரும்வரை எதிராளியைக் காக்க வைப்பது எல்லாவற்றிலும் இழிவானது. தோல்வியை ஒப்புக்கொண்டு போங்கள். ஜெயித்தவர் அன்றைக்குப் படம் போட்டுக் கொண்டாட வேண்டாம். தோற்றவர் கேட்டால் எந்த இடத்தில் பிசகினார் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத எதையும் குழுவில் அனுப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இடம் கேட்கத் தயங்காதீர்கள். சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாயிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்கு ஈந்த ராஜபாளையத்தில், பத்துப் பலகைகளுக்கு இடம் கொடுக்க ஒரு பள்ளியோ மண்டபமோ இல்லாமற் போகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்ட வாரத்தில் மட்டும் கூட்டம் வைக்காதீர்கள். ஒருவரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. கூட்டத்தில் கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் வையுங்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியை முதல் நாளே நடைமுறைப்படுத்துங்கள்; கோட்டை கட்டும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள், ஏனெனில் யானையைத் தொட்டுவிட்டு அழுகிற பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். கடைசி அரை மணியில் ஜெயித்தவர் ஆசனத்தில் இருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடும் விரைவாட்டம் வைக்கலாம். 1972-இல் சதுரங்க வீரர் மானுவேல் ஆரோனின் முயற்சியால் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தோன்றிய டால் சதுரங்கக் கழகத்தில் அந்த முறையில் எழுந்திருக்க மனமில்லாமல் ஆடி ஆடித்தான் சிறுவன் ஆனந்த் அவ்வளவு வேகத்தைப் பெற்றார். கைப்பேசியில் நான் விலக்கச் சொன்ன விரைவாட்டத்தை இங்கே அனுமதிப்பதற்குக் காரணம், எதிராளியின் முகம் எதிரிலேயே இருப்பதால் சந்தேகம் முளைக்க இடமில்லாததே.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது அட்மின் மாற வேண்டும். போவதற்கு முன், புதியவரைத் தளத்தில் குழுத் தலைவராகச் சேர்த்து, எல்லா அனுமதிகளையும் கொடுத்து, ஒரு வாரப் போட்டியை அவரே அமைத்து நடத்தும்படி செய்யுங்கள். அந்தப் போட்டியில் நீங்கள் வெறும் ஆட்டக்காரராக மட்டும் ஆடுங்கள். அது தகராறின்றி முடிந்ததும் உங்கள் பெயரைத் தலைவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, உறுப்பினர் விவரம் எழுதிய நோட்டை நேரில் கொண்டுபோய் அவர் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.