பஃபரும் ஸ்பிரிங்கும்: உங்கள் ஏஆர்-15க்கு எது பொருந்தும்?

ஏஆர்-15 ரைபிள் மக்கர் பண்ணத் தொடங்கினால் அமெரிக்காவில் பலரும் முதலில் மாற்றுவது பின்கட்டைக் குழாய்க்குள் இருக்கும் பஃபரைத்தான். விலை அதிகமில்லை, நிமிடத்தில் கழற்றி மாட்டிவிடலாம், கடைகளில் எடைவாரியாக அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். கனமாகப் போட்டால் உதை குறையும் என்ற பேச்சு வேறு. உதை மென்மையாவது உண்மைதான். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரைபிளில் தேவையில்லாத எடையை ஏற்றிவிட்டு, குளிர்காலத்தில் மலிவுத் தோட்டா போட்டுச் சுடும்போது திண்டாடுகிறவர்களும் நிறைய. எல்லா ரைபிளுக்கும் பொருந்தும் பஃபர் என்று ஒன்று கிடையாது. பேரலிலிருந்து எவ்வளவு வாயு பின்னால் வருகிறது, வழக்கமாக எந்தத் தோட்டா சுடுகிறீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். குண்டு பேரலைக் கடக்கும்போது, பேரலில் உள்ள சிறு துளை வழியாக வாயு பிரிந்து பின்னால் வந்து போல்ட் கேரியரைத் தள்ளுகிறது. கேரியர் பஃபரைத் தள்ள, பஃபர் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. போகும் வழியில் காலிக் கூடு வெளியேறுகிறது. திரும்பும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போகிறது. இதில் பஃபரின் எடைக்கு ஒரு வேலை, ஸ்பிரிங்குக்கு வேறொரு வேலை. எடை அதிகமானால் கேரியர் கிளம்புவதே கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் தோட்டா அறையில் அழுத்தம் இறங்கிவிடுவதால் கூடு இலகுவாகக் கழன்று வரும். ஸ்பிரிங்கின் விறைப்பு கிளம்பும் கணத்தில் பெரிதாகத் தெரியாது. ஓட்டத்தின் கடைசியில் நன்றாக அழுந்தியபிறகுதான் தெரியும், திரும்பி வரும்போது தோட்டாவைத் தள்ளும் பலமாகவும் தெரியும். இந்த வேறுபாடு பிடிபடாமல் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுகிறவர்களுக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாமலே போகிறது.

பஃபரைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் கேட்கும். உள்ளே உலோக எடைகள் ரப்பர் வில்லைகளுடன் தளர்வாகக் கிடக்கின்றன. கேரியர் முன்னால் போய் மோதி நிற்கும்போது இந்த எடைகள் ஒரு நொடித்துளி பிந்தி வந்து இடிப்பதால், கேரியர் துள்ளிப் பின்வாங்காமல் அடங்குகிறது. இப்படி ஓர் அமைப்பு வந்ததற்குப் பின்னால் ஒரு போரின் கசப்பு இருக்கிறது. வியட்நாமில் ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16 ரைபிளுக்கு, முதலில் சோதித்த மருந்துக்குப் பதிலாக உருண்டை வகை மருந்து நிரப்பிய தோட்டாக்கள் போய்ச் சேர்ந்தன. சுடும் வேகம் ஏறியது, கோளாறுகளும் ஏறின. அன்றிருந்த எட்ஜ்வாட்டர் பஃபரால் அதைத் தாங்க முடியவில்லை. 1960களின் நடுவில் நகரும் எடைகள் கொண்ட கனமான பஃபர் அதன் இடத்துக்கு வந்தது. எம்16இன் கோளாறுகளை 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் இக்கார்ட் துணைக்குழுவே விசாரித்தது. அந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும்: வாயுவும் மருந்தும் மாறினால் பஃபரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

குட்டைப் பின்கட்டைக் குழாய் கொண்ட கார்பைன் வகையின் பஃபர்களை எடுத்துக்கொண்டால் நான்கு படிகள். சாதாரணப் பஃபருக்குள் மூன்று எஃகு எடைகள், மொத்தம் சுமார் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். ஓர் எஃகு எடையை எடுத்துவிட்டு டங்ஸ்டன் வைத்தால் அது ‘எச்’, சுமார் 3.8 அவுன்ஸ். இரண்டு டங்ஸ்டன் என்றால் ‘எச்2’, சுமார் 4.6. மூன்றுமே டங்ஸ்டன் என்றால் ‘எச்3’, சுமார் 5.4 அவுன்ஸ். தயாரிப்பாளரைப் பொறுத்து இந்த எண்கள் சற்றே மாறும், ஆகவே பெயரை நம்பாமல் சமையலறைத் தராசில் ஒரு முறை வைத்துப் பார்ப்பது நல்லது. நீளப் பின்கட்டை கொண்ட பழைய பாணி ரைபிளின் பஃபர் தனி ரகம். எடை 5 அவுன்ஸுக்குச் சற்று மேல், நீளமும் ஏறத்தாழ இரட்டிப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீளக் குழாய்க்குள் கார்பைன் பஃபரைப் போட்டுவிடாதீர்கள். கேரியர் அளவுக்கு மீறிப் பின்னால் போய், அதன் மேலுள்ள வாயுச் சாவி கீழ் ரிசீவரில் இடிக்கும். இரண்டும் உடையலாம். 308 ரக ரைபிள்களிலும் இதே ஆபத்து உண்டு. அவற்றின் பஃபர் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நீளம் வேறாக இருக்கும். குழாய், பஃபர், ஸ்பிரிங் மூன்றையும் ஒரே குடும்பத்தில் வாங்க வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம், ஏனென்றால் தேய்வது அதுதான். பஃபர் பல ஆண்டு உழைக்கும். ஸ்பிரிங் ஆயிரக்கணக்கான முறை அழுந்தி எழுந்து மெல்லக் குறுகும். கார்பைன் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் தரையில் தளர்வாக வைத்தால் அது 10 1/16 முதல் 11 1/4 அங்குலம் வரை இருக்க வேண்டும். ரைபிள் ஸ்பிரிங் என்றால் 11 3/4 முதல் 13 1/2 வரை. கீழ் எல்லைக்கு வந்துவிட்டால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், மாற்றிவிடுங்கள். கோளாறு என்று வரும் ரைபிளில் நான் முதலில் எடுப்பது அளவுநாடாவைத்தான்.

புதிதாக வாங்கும்போது சாதாரண உருண்டைக் கம்பி ஸ்பிரிங்கே பெரும்பாலோருக்குப் போதும். குரோம் சிலிக்கன் கம்பியில் செய்தது சோர்வைக் கூடுதலாகத் தாங்கும், சில டாலர் அதிகம் கொடுக்கத் தகும். தட்டைக் கம்பி ஸ்பிரிங் அழுந்தும்போது குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஓட்டம் இதமாக இருப்பதாகப் பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கூடுதல் விறைப்புள்ள ஸ்பிரிங்குகள் சைலன்சர் மாட்டிய ரைபிளுக்கும் அதிக வாயு வரும் ரைபிளுக்கும் உதவும். மற்றவர்களுக்கு அது தேவையற்ற சுமை. ஜேபி நிறுவனத்தின் தண்டில் கோத்த ஸ்பிரிங் அமைப்பு, குழாய்ச் சுவரில் உரசும் அந்தக் கரகர ஒலியை ஒழித்துவிடும். போட்டிக்குச் சுடுபவர்களுக்கு அது பிடிக்கும். விலை அதிகம், பாகங்களும் அதிகம். நம்பகத்தன்மை ஒன்றுதான் குறி என்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்பைன், ரைபிள் அமைப்புகள் இரண்டுக்கும் நடுவே எனக்குப் பிடித்தது வில்டர் நிறுவனத்தின் ஏ5 அமைப்பு. அமெரிக்க மரைன் படையினருக்காக உருவானது. நீளமான எம்16ஏ4 ரைபிளில் உள்ளே தள்ளி நீட்டும் பின்கட்டை வேண்டும், அதேசமயம் நீள ஸ்பிரிங்கின் நிதானமும் போகக் கூடாது என்பது அவர்கள் தேவை. அதற்காகக் கார்பைன் குழாயைவிடச் சற்றே நீளமான குழாய், நடுத்தர நீளப் பஃபர், ரைபிள் ஸ்பிரிங் என்று சேர்த்தார்கள். ஸ்பிரிங் நீளமாக இருப்பதால் விறைப்பு படிப்படியாக ஏறுகிறது, திடீரென்று ஏறுவதில்லை. பலவீனமான தோட்டாவையும் வீரியமான தோட்டாவையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வது இதன் பெரிய பலம். புதிதாக ரைபிளைச் சேர்த்துக் கட்டுகிறவர் குழாய் வாங்கும் முன் இதை யோசிக்கலாம். ஏற்கெனவே கார்பைன் குழாய் நன்றாக ஓடுகிறது என்றால் மாற்ற அவசியமில்லை.

இனி யாருக்கு எது என்று பார்ப்போம். கடைகளில் அதிகம் கிடைப்பது 16 அங்குலப் பேரலும் சுமார் 7 அங்குலக் கார்பைன் வாயு அமைப்பும் கொண்ட ரைபிள். மலிவுத் தோட்டாவிலும் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் வாயுத் துளையைத் தாராளமாகவே விட்டுவிடுகிறார்கள். ஆகவே கேரியர் வேகமாகப் பாயும். இதற்கு ‘எச்’ நல்ல தொடக்கம், பெரும்பாலும் ‘எச்2’வரை போகலாம். அதே 16 அங்குலப் பேரலில் சுமார் 9 அங்குல நடுத்தர வாயு அமைப்பு என்றால் வாயு நிதானமாக வரும். சாதாரணப் பஃபரோ ‘எச்’சோ போதும், அதைத் தாண்ட அவசரப்படாதீர்கள். நீள வாயுக் குழாயும் 20 அங்குலப் பேரலும் உள்ள ரைபிளுக்கு அதன் சொந்த நீளப் பஃபரும் ஸ்பிரிங்குமே சிறந்தவை. அங்கே கை வைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

சைலன்சர் மாட்டுகிறவர்கள் நிலை வேறு. வாயு முன்னால் சீக்கிரம் வெளியேற முடியாமல் பின்னோக்கி அதிகம் வருவதால் கேரியரின் வேகம் ஏறும். ‘எச்2’, ‘எச்3’ அங்கே உதவும். ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சுட்டாலும் ஓட வேண்டும் என்றால் எடையை மட்டும் நம்பக் கூடாது. வாயுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வாயுக் கட்டையே சரியான வழி. அதிக வாயுதான் நோய் என்றால் வாயுவைக் குறைப்பது மருந்து. பஃபர் அந்த நோயின் குறிகளைத் தணிக்கத்தான் செய்யும். போட்டிக்காரர்கள் போடும் எடை குறைந்த கேரியரையும் இலகுவான பஃபரையும் வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் ரைபிளில் போடுவது என் பார்வையில் தவறு. கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே தள்ளுவதற்கு உந்தம் இருக்காது.

கோளாறைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை நம்பிப் பணம் கொட்ட வேண்டியதில்லை. விழுந்து கிடக்கும் காலிக் கூட்டை எடுத்து அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். கொக்கி பிடித்த இடத்தில் பித்தளை பிய்ந்தோ வளைந்தோ நிற்கிறதென்றால், அறை அழுத்தம் இறங்கும் முன்பே கேரியர் இழுக்கிறது. அதாவது வாயு அதிகம், அல்லது எடை குறைவு. கூடுகள் முன்பக்கமாகத் தெறித்துப் போனால் வேகம் அதிகம் என்றும், பின்பக்கமாகச் சோர்ந்து விழுந்தால் குறைவு என்றும் சொல்வார்கள். ஓரளவு சரிதான், ஆனால் கூட்டைத் தள்ளும் உள் ஸ்பிரிங்கின் பலமும் அதை மாற்றும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசித் தோட்டா தீர்ந்தபின் போல்ட் பின்னால் பிடித்து நிற்காமல் மூடிக்கொள்கிறது, அல்லது காலிக் கூடு வெளியேறாமல் மாட்டிக்கொள்கிறது என்றால் கேரியர் முழுதாகப் பின்னால் போகவில்லை. எடை அதிகம், வாயு குறைவு, அல்லது வாயுக் கட்டை இடம் நகர்ந்திருக்கிறது. எடையைக் குறைக்கும் முன் கட்டையையும் மேகசினையும் பார்த்துவிடுங்கள். மேகசின் பழுதால் வருவதைப் பஃபரால் குணப்படுத்த முடியாது.

சோதிக்கும் முறை எளிது. சுடுதளத்தில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் பிடித்து நிற்க வேண்டும். உங்களிடம் உள்ளதிலேயே பலம் குறைந்த தோட்டாவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு முறை தவறினாலும் எடையை ஒரு படி இறக்குங்கள். பிறகு நிறையச் சுட்டு அழுக்கேறிய நிலையிலும் குளிரான நாளிலும் அதே சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்து வையுங்கள். கழற்றும் முன் மேகசினை எடுத்துவிட்டு அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க மறக்க வேண்டாம்.

பலவீனமான தோட்டாவில், அழுக்கேறிய நிலையில், போல்ட் தவறாமல் பின்னால் பிடித்து நிற்க இடம் தரும் மிகக் கனமான பஃபர் எதுவோ அதுதான் உங்களுடையது. அது சாதாரண 3 அவுன்ஸ் பஃபராகவே இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு புதிய ஸ்பிரிங் வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.